தினமும் 140 கிலோமீட்டர்: எரிபொருளும் மிச்சமாக வேண்டும், முதுகும் தப்ப வேண்டும்

தினப்பயணி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பணியிடம் மாறியதால், அடுத்த மாதம் முதல் போக 70, வர 70 என நாளொன்றுக்கு 140 கிலோமீட்டர் கார் ஓட்ட வேண்டிய நிலைக்கு வந்திருக்கிறேன். ஆண்டுக்கு 250 வேலைநாள் என்று வைத்துக்கொண்டால் 35,000 கிலோமீட்டர் ஆகிறது. காலையில் வீட்டை விட்டு இறங்கியதும் முதல் 55 கிலோமீட்டர் தடையில்லாத நெடுஞ்சாலை. கடைசி 15 கிலோமீட்டர், முன்னால் போகும் வண்டியின் பிரேக் விளக்கைப் பார்த்துக்கொண்டே ஊர்ந்து செல்ல வேண்டிய நகரச் சாலை. மாலையில் இதே வரிசை தலைகீழாக அமையும்.

இப்போது வைத்திருப்பது பழைய பெட்ரோல் செடான், மேனுவல் கியர், லிட்டருக்கு 12 கிலோமீட்டர்தான் தருகிறது. சோதனைக்காகக் கடந்த வாரம் மூன்று நாள் இந்த வழியில் அதையே ஓட்டிப் பார்த்தேன். மூன்றாம் நாள் மாலை காரை நிறுத்திவிட்டு இறங்கும்போது, கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்ற பிறகுதான் இடுப்பை நிமிர்த்த முடிந்தது. கிளட்ச்சை மிதித்து மிதித்து இடது முழங்காலும் கடுத்துவிட்டது. என் உயரம் 183 செ.மீ. என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் பட்டியலில் இருப்பவை ஒரு சிறிய பெட்ரோல் கார், ஒரு டீசல் செடான், பெட்ரோல் என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஒரு ஹைபிரிட், ஒரு மின்கார். விளம்பரத் தாளில் சிறிய பெட்ரோல் காருக்கு லிட்டருக்கு 22 என்றும், ஹைபிரிட்டுக்கு 25 என்றும் போட்டிருக்கிறார்கள். இந்த மூன்று கிலோமீட்டர் வித்தியாசத்திற்காக ஹைபிரிட்டுக்குப் போவதா, 35,000 கிலோமீட்டர் ஓட்டுபவனுக்கு டீசல்தான் பொருத்தம் என்று பலரும் சொல்வது இன்றைக்கும் உண்மையா, இவற்றைவிட இருக்கையையே முதலில் பார்க்க வேண்டுமா என்பதில் தெளிவில்லாமல் இருக்கிறேன். தினமும் நீண்ட தூரம் ஓட்டுகிறவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும். குறிப்பிட்ட ஒரு காரின் பெயரைச் சொல்வதைவிட, எதை எப்படிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று சொன்னால் நல்லது. ஏனென்றால், ஒருவருக்குக் கிடைக்கும் மாடல் இன்னொருவருக்குக் கிடைப்பதில்லை.

கணக்கர்

வணக்கம். உங்கள் கேள்விக்கான விடையில் பாதி நீங்கள் கொடுத்த எண்களுக்குள்ளேயே இருக்கிறது. "லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்" என்று பார்க்கும் பழக்கம் கண்ணை ஏமாற்றக்கூடியது. அதைத் திருப்பிப் போட்டு, "என் ஓர் ஆண்டு ஓட்டத்திற்கு எத்தனை லிட்டர்" என்று கேட்டுப் பாருங்கள்.

லிட்டருக்கு 12 தரும் இப்போதைய காரில் 35,000 கிலோமீட்டருக்குச் சுமார் 2,917 லிட்டர் செலவாகும். 22 தரும் காரில் 1,591 லிட்டர். 25 தரும் காரில் 1,400 லிட்டர். அதாவது, பழைய காரை விட்டு இந்த இரண்டில் எதற்கு மாறினாலும் குறைந்தது 1,300 லிட்டர் மிச்சமாகிறது. அதன் பிறகு 22-க்கும் 25-க்கும் இடையில் எஞ்சியிருப்பது 191 லிட்டர், வேலைநாள் ஒன்றுக்கு முக்கால் லிட்டர் மட்டுமே. இதுவே 12-லிருந்து 15-க்குப் போயிருந்தால், அதே மூன்று கிலோமீட்டர் வித்தியாசத்தில் 580 லிட்டருக்கு மேல் மிச்சமாகியிருக்கும். மைலேஜ் மேலே ஏற ஏற, ஒவ்வொரு கூடுதல் கிலோமீட்டரும் தரும் லாபம் சுருங்கிக்கொண்டே போகிறது. எனவே 20-க்கு மேல் உண்மையாகவே தரக்கூடிய கார்களுக்குள் வந்துவிட்டீர்களானால், அந்த வட்டத்துக்குள் உடம்புக்கு எது ஒத்துக்கொள்கிறது என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில் தவறே இல்லை.

"உண்மையாகவே தரக்கூடிய" என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விளம்பரத் தாளில் உள்ள எண், ஆய்வுக்கூடத்தில் காரை உருளைகள்மேல் ஏற்றி, வரையறுத்த வேக அட்டவணைப்படி ஓட்டி எடுத்தது. எந்த அட்டவணை என்பதைக் கவனியுங்கள். ஐரோப்பாவில் நெடுநாள் புழக்கத்தில் இருந்த பழைய என்.இ.டி.சி. முறையைவிட, 2017 முதல் அமலுக்கு வந்த டபிள்யூ.எல்.டி.பி. முறை நடைமுறைக்கு நெருக்கமானது. ஆனால் அதுவும் அரை மணி நேரத்தில் 23 கிலோமீட்டர் ஓட்டும் சோதனைதான். நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் அதன் சராசரி வேகம் மணிக்கு 46.5 கிலோமீட்டர். உங்கள் வழியின் கலவை வேறு. ஒரே முறையில் சோதிக்கப்பட்ட இரு கார்களை ஒப்பிட மட்டும் அந்த எண்ணைப் பயன்படுத்துங்கள். வெவ்வேறு முறைகளில் வந்த எண்களை அருகருகே வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. டீசலும் பெட்ரோலும்கூட லிட்டருக்கு லிட்டர் சமமல்ல, ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிடப் பத்து விழுக்காட்டுக்கும் மேல் கூடுதல் ஆற்றல் இருக்கிறது.

அடுத்தது வேகம். நெடுஞ்சாலையில் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி உயர்கிறது. 55 கிலோமீட்டரை மணிக்கு 90-இல் கடந்தால் சுமார் 37 நிமிடம், 110-இல் கடந்தால் 30 நிமிடம். மிச்சமாகும் ஏழு நிமிடத்திற்காகக் காற்றோடு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு மல்லுக்கு நிற்கிறீர்கள். டயர் உருளும் தடை அந்த அளவுக்கு உயராது என்பதால் எரிபொருள் செலவு ஒன்றரை மடங்காகிவிடாது. ஆனாலும் 22-க்கும் 25-க்கும் உள்ள வித்தியாசத்தை விழுங்கிவிடும் அளவுக்கு அது போதும். நகரச் சாலையில் அந்த ஏழு நிமிடத்தில் பாதியை முதல் சிக்னலே எடுத்துக்கொள்ளும் என்பது வேறு விஷயம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: வாரத்தில் ஒரே ஒரு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கிடைத்தால், எந்தக் காராக இருந்தாலும் ஐந்தில் ஒரு பங்கு ஓட்டம் அப்படியே குறைந்துவிடும். கார் விற்பவர் எவரும் இந்த யோசனையைச் சொல்லமாட்டார்.

பட்டறைக்காரன்

வணக்கம் ஐயா. இருபது ஆண்டுகளாகப் பட்டறை நடத்துகிறவன் என்ற முறையில் என்ஜின், கியர் பற்றி மட்டும் பேசுகிறேன்.

நிறைய ஓட்டுபவருக்கு டீசல் என்ற பழைய சொல் இன்னும் பொய்யாகிவிடவில்லை. ஆனால் அதில் "எப்படிப்பட்ட ஓட்டம்" என்பது விட்டுப்போயிருக்கிறது. இன்றைய டீசல் காரின் புகைக்குழாயில் டி.பி.எஃப். எனப்படும் கரி வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரியை, கார் தானாகவே அவ்வப்போது சுமார் 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எரித்துச் சாம்பலாக்கும். இதற்குப் பத்து முதல் இருபது நிமிடம் தொடர்ந்து, ஓரளவு வேகத்தில் ஓட வேண்டும். நகரத்துக்குள் மட்டுமே சுற்றுகிற டீசல் கார் இந்த வேலையைத் தொடங்கும், முடிப்பதற்குள் சாவியைத் திருப்பி அணைத்துவிடுவார்கள். மறுநாள் மீண்டும் தொடங்கும், மீண்டும் பாதியில் நிற்கும். கரியை எரிப்பதற்காகக் கூடுதலாகத் தெளிக்கப்படும் டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியே கசிந்து என்ஜின் ஆயிலில் கலந்துவிடும். ஒரு வாடிக்கையாளர், "ஆயில் குறையவே இல்லை, மாறாகக் கூடுகிறது, நல்ல என்ஜின்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அளவுக் குச்சியை உருவிப் பார்த்தேன். மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரல் அகலம் நின்றது ஆயில். விரலில் தொட்டுத் தேய்த்தால் பிசுபிசுப்பு இல்லை, தண்ணீர்போல் ஓடியது, முகர்ந்தால் டீசல் வாடை. அவர் வீட்டிலிருந்து கடைக்கு நான்கு கிலோமீட்டர். அவருக்கு விற்கப்பட்டது தவறான கார்.

உங்கள் நிலை அப்படியல்ல. 55 கிலோமீட்டர் தடையற்ற சாலை தினம் இரண்டு முறை கிடைப்பதால் வடிகட்டி தானாகவே சுத்தமாகிக்கொள்ளும். அந்த வகையில் டீசல் உங்களுக்குப் பொருந்தும். ஆனால் புகையைச் சுத்தப்படுத்தும் யூரியா கரைசலை அவ்வப்போது நிரப்புவது, அதிக அழுத்தத்தில் இயங்கும் இன்ஜெக்டர்கள், டர்போ என்று வயதாகும்போது செலவு வைக்கும் பாகங்கள் பெட்ரோலைவிடக் கூடுதல். உங்கள் ஓட்டத்திற்கு நான்கே ஆண்டில் 1,40,000 கிலோமீட்டர் வந்துவிடும். அந்தச் செலவுகள் எட்டிப் பார்ப்பதும் ஏறக்குறைய அப்போதுதான்.

கியரைப் பொறுத்தவரை, நீங்களே சொன்ன முழங்கால் கடுப்புக்குப் பிறகு மேனுவலைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. ஆட்டோமேட்டிக்கில் நான்கு வகை உண்டு. கிளட்ச்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியே சக்தியைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் வகை பழையது, ஊர்ந்து போகும் நெரிசலைச் சலிக்காமல் தாங்கும். இரட்டைக் கிளட்ச் வகை நெடுஞ்சாலையில் இனிமையாக மாறும். ஆனால் அதில் ஆயிலில் மூழ்காத உலர் கிளட்ச் உள்ளதை, ஓர் அடி நகர்ந்து ஓர் அடி நிற்கும் சாலையில் தினமும் அரை மணி நேரம் ஓட்டினால் சூடேறித் தேய்ந்துவிடும். தனித்தனிக் கியர்கள் இல்லாமல், பெல்ட் வழியே விகிதத்தைத் தொடர்ச்சியாக மாற்றும் சி.வி.டி. மென்மையானது, சிக்கனமானது, ஆனால் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது என்ஜின் ஒரே சுருதியில் இரைவதைச் சிலரால் பொறுக்க முடியாது. மேனுவல் கியர்பெட்டியின் கிளட்ச்சை மோட்டாரால் இயக்கும் மலிவான வகையும் இருக்கிறது. ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் தலை முன்னுக்கு ஒரு முறை ஆடும். தினமும் மூன்று மணி நேரம் அந்தத் தலையாட்டல் வேண்டாம் ஐயா.

பராமரிப்புக் கணக்கையும் போட்டுக்கொள்ளுங்கள். 10,000 கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ் என்றால் ஆண்டுக்கு மூன்று, நான்கு முறை வர வேண்டும். டயர் 40,000 முதல் 50,000 கிலோமீட்டர் வரை உழைத்தால் ஒன்றேகால் ஆண்டுக்கு ஒரு முறை நான்கையும் மாற்ற வேண்டும். வால்வுகளை நேரத்துக்கு இயக்க டைமிங் பெல்ட் உள்ள என்ஜினா, செயின் உள்ளதா, பெல்ட் என்றால் எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்பதை வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். மற்றவர்கள் பத்து ஆண்டில் சந்திக்கும் கேள்வியை நீங்கள் மூன்று ஆண்டில் சந்திப்பீர்கள்.

முதுகுவலிக்காரர்

எனக்கு ஒரு வழிக்கு 80 கிலோமீட்டர், ஏழு ஆண்டு அனுபவம். முதல் காரை மைலேஜ் பார்த்து வாங்கினேன்; இரண்டாம் காரை மருத்துவர் சொன்ன பிறகு வாங்கினேன். இங்கே பேசப்பட்டவை எல்லாம் சரிதான், ஆனால் இருக்கையைக் கடைசியில் வைத்துப் பார்ப்பது, யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பது போன்றது.

காட்சியகத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் எல்லா இருக்கையும் நன்றாகத்தான் இருக்கும். மெத்தென்று உள்வாங்கும் இருக்கை முதலில் சுகமாகத் தோன்றும். நாற்பதாவது நிமிடத்தில் இடுப்புக்குப் பின்னால் தாங்கல் இல்லாதது தெரிய வரும். சற்றே இறுக்கமான பஞ்சு உள்ளதுதான் நெடுந்தூரத்திற்கு நல்லது. உங்கள் உயரத்திற்குத் தொடைத் தாங்கல் மிக முக்கியம். உட்கார்ந்த நிலையில் முழங்காலின் பின்புறத்திற்கும் இருக்கையின் முன்விளிம்புக்கும் இடையே இரண்டு, மூன்று விரல் இடைவெளி இருக்கலாம். ஒரு சாண் இடைவெளி இருந்தால் தொடையின் எடையை யாரும் தாங்கவில்லை என்று பொருள், அந்தப் பாரம் முழுவதும் இடுப்புக்கு வரும். சில கார்களில் இருக்கையின் முன்பகுதியை மட்டும் தனியே உயர்த்த முடியும். அந்த ஒரு வசதிக்காகவே ஒரு படி உயர்ந்த வேரியண்டை வாங்கலாம்.

ஸ்டீயரிங்கும் அவ்வளவே முக்கியம். பல சிறிய கார்களில் அது மேலும் கீழும் மட்டுமே நகரும், நம்மை நோக்கி வராது. காலுக்கு ஏற்ப இருக்கையைப் பின்னுக்குத் தள்ளினால் கைக்கு எட்டாது, கைக்கு ஏற்ப முன்னுக்கு இழுத்தால் முழங்கால் மடங்கி டாஷ்போர்டில் இடிக்கும். நான் செய்யும் சோதனை எளியது: தோள்பட்டை இருக்கையை விட்டு எழாமல் கையை நீட்டி, மணிக்கட்டை ஸ்டீயரிங்கின் உச்சியில் வைக்கிறேன். மணிக்கட்டு படியவேண்டும், விரல் நுனி மட்டுமே தொட்டால் அந்தக் கார் எனக்கானதில்லை. இடது காலுக்கு ஓய்வு மேடை இருக்கிறதா, அது உங்கள் காலணி அளவுக்குப் போதுமா என்றும் பாருங்கள். ஆட்டோமேட்டிக்கில் இடது காலுக்கு வேலையே இல்லை; ஆனால் வைக்க இடமில்லாத கால் இடுப்பைத் திருகிவிடும்.

டயரைப் பற்றி யாரும் சொல்லாததால் நான் சொல்கிறேன். ஒரே காரை 205/55 ஆர்16 டயருடனும் 225/40 ஆர்18 டயருடனும் விற்பார்கள் (கடைசி எண் ரிம்மின் அங்குல அளவு). முதலாவதில் ரிம்முக்கும் சாலைக்கும் இடையிலுள்ள ரப்பர்ச் சுவர் சுமார் 113 மி.மீ.; இரண்டாவதில் 90 மி.மீ. தான். பார்க்க இரண்டாவது அழகு. குழியில் இறங்கும்போது அந்த 23 மி.மீ. காணாமற்போனதை முதுகெலும்பு கண்டுபிடித்துவிடும். பெரிய அலாய் வீல் எடையும் கூடுதல், எரிபொருளும் சற்றுக் கூடுதலாகச் செலவாகும், மாற்றும்போது டயர் விலையும் அதிகம். சிக்கனமும் சுகமும் ஒரே பக்கம் நிற்கும் அபூர்வமான இடம் இது, சிறிய சக்கரத்தையே எடுங்கள்.

ஒரு நாள் மாலை வீடு வந்து காரை அணைத்தபோது, அதுவரை காதில் ஓர் இரைச்சல் இருந்தது என்பதே அந்த அமைதியில்தான் தெரிந்தது. அன்றாடக் களைப்பில் பாதி அந்த இரைச்சல். எனவே டெஸ்ட் டிரைவின்போது பாட்டை நிறுத்திவிட்டு, சொரசொரப்பான சாலையில் 90-இல் ஓட்டி, பக்கத்தில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேசிப் பாருங்கள். கைப்பேசியில் ஒலி அளக்கும் செயலிகள் துல்லியமானவை அல்ல என்றாலும், ஒரே கைப்பேசியை ஒரே இடத்தில் வைத்து, ஒரே சாலையில் இரண்டு கார்களையும் ஒப்பிட அவை போதும்.

பின்பாக்கெட்டில் பர்ஸை வைத்துக்கொண்டு ஓட்டும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். எனக்குப் பாதி வலி அதில்தான் இருந்தது என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மின்கார்_மூன்றாண்டு

நான் மூன்று ஆண்டுகளாக மின்கார் ஓட்டுகிறேன். ஊர்ந்து செல்லும் சாலையில் அதற்கு நிகர் எதுவும் இல்லை; அதிர்வு இல்லை, கியர் இல்லை, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வேகம் குறைந்து, இழக்கும் ஆற்றலில் ஒரு பங்கு பேட்டரிக்குத் திரும்புகிறது. 100 கிலோமீட்டருக்கு 17 யூனிட் என்று வைத்தால், உங்கள் 140 கிலோமீட்டருக்கு 24 யூனிட் வேண்டும். சார்ஜ் செய்யும்போது வீணாவதையும் சேர்த்தால் 26 யூனிட். ஒப்பிட்டுப் பார்க்க: ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியுள்ள வெப்ப ஆற்றல் ஏறக்குறைய 9 யூனிட். அதாவது மூன்று லிட்டருக்கும் குறைவான பெட்ரோலின் ஆற்றலில் உங்கள் ஒரு நாள் முடிந்துவிடுகிறது. 7 கிலோவாட் சார்ஜர் வீட்டில் இருந்தால் நான்கு மணி நேரத்திற்குள் நிரம்பும். சாதாரண பிளக்கில் விடிய விடியப் போட வேண்டியிருக்கும்.

ஆனால் ஆழம் தெரியாமல் காலை விட வேண்டாம் என்பதற்காக மூன்று செய்திகள். நெடுஞ்சாலை வேகத்தில் மின்கார் விளம்பரத்தில் சொன்ன தூரத்தைத் தராது; பிரேக் பிடிக்காத சாலையில் திரும்பக் கிடைக்கும் ஆற்றலும் இல்லை. உறைபனிக் குளிர் உள்ள பகுதியானால், கால் பங்கு தூரம் குறைவது இயல்பு. இரண்டாவது, பேட்டரிக்குப் பல நிறுவனங்கள் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முன்னதோ அது, என்று உத்தரவாதம் தருகின்றன. மற்றவர்களுக்கு அது எட்டு ஆண்டு. உங்களுக்கு நாலரை ஆண்டு. உத்தரவாதம் முடிந்ததும் பேட்டரி கெட்டுவிடும் என்று பொருளல்ல, ஆனால் விற்கும்போது வாங்குபவர் அதைத்தான் கேட்பார். மூன்றாவதே எல்லாவற்றிலும் பெரியது: இரவில் நிறுத்தும் இடத்தில் சொந்தமாக மின் இணைப்பு இல்லை என்றால், தயவுசெய்து இந்த யோசனையைக் கைவிடுங்கள். தினமும் பொது சார்ஜரைத் தேடிப் போவது, ஏற்கெனவே மூன்று மணி நேரம் காரில் இருப்பவருக்கு நாலாவது மணி நேரத்தையும் சேர்த்துக் கொடுப்பதாகும்.

தினப்பயணி

அனைவருக்கும் நன்றி. மின்கார் விஷயத்தில் முடிவு உடனே தெரிந்துவிட்டது. எங்கள் குடியிருப்பில் கார் நிறுத்துமிடம் பொதுவானது, அங்கே இணைப்புக் கொடுக்க இப்போதைக்கு வழியில்லை. கணக்கர் சொன்னதைப் படித்த பிறகு, 22-ஆ 25-ஆ என்று இரண்டு வாரம் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டதை நினைத்துச் சிரிப்புத்தான் வருகிறது.

சிறிய பெட்ரோல் காரில் நேற்று மணிக்கட்டுச் சோதனையைச் செய்து பார்த்தேன். விரல் நுனி மட்டுமே தொட்டது, அதுவும் பட்டியலிலிருந்து நீங்கியது. மிஞ்சியிருப்பவை டீசலும் ஹைபிரிட்டும். பட்டறைக்காரர் ஐயா ஹைபிரிட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லையே? நெடுஞ்சாலையில் அதனால் பயன் இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். மேலும், மூன்று ஆண்டு ஓடிய ஹைபிரிட் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பட்டறைக்காரன்

சொல்ல மறக்கவில்லை ஐயா, நீளம் கருதி நிறுத்தினேன்.

நெடுஞ்சாலையில் பயனே இல்லை என்பது பாதி உண்மை. ஒரே வேகத்தில் ஓடும்போது மின்மோட்டாருக்கு வேலை குறைவு என்பது சரிதான். ஆனால் இந்தக் கார்களில் வைக்கப்படும் பெட்ரோல் என்ஜினே வேறு. மோட்டார் துணைக்கு இருப்பதால், இழுவைச் சக்தியைச் சற்றே விட்டுக்கொடுத்து, அட்கின்சன் சுழற்சி என்ற முறையில் எரிபொருளைக் கூடுதலாகப் பிழிந்தெடுக்கும் என்ஜினை வைக்கிறார்கள். டொயோட்டா 1997-இல் பிரியஸைக் கொண்டுவந்த காலத்திலிருந்து இதைத் தீட்டிக்கொண்டே வந்து, வெப்பத்திறனை 40 விழுக்காடு வரை கொண்டுவந்துவிட்டது. ஆகவே நெடுஞ்சாலையிலும் அது சாதாரணப் பெட்ரோல் காரைவிடக் குறைவாகவே குடிக்கும். நகரத்தின் 15 கிலோமீட்டரில் பெரும்பகுதி என்ஜின் அணைந்தே கிடக்கும். நெடுஞ்சாலை மட்டும் என்றால் டீசல், நெரிசல் மட்டும் என்றால் ஹைபிரிட் என்று யோசிக்காமல் சொல்லிவிடுவேன். உங்கள் கலவையில் எரிபொருள் கணக்கு இரண்டுக்கும் ஏறக்குறைய நெருங்கி வரும், பழுதுக் கணக்கில் ஹைபிரிட் முந்தும். டொயோட்டா முறையில் கிளட்ச் இல்லை, சி.வி.டி. பெல்ட் இல்லை, தனி ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்நேட்டரும் கிடையாது. கோள்சக்கர கியர் ஒன்றும் இரண்டு மின்மோட்டார்களும்தான் எல்லாவற்றையும் செய்கின்றன. இல்லாத பாகம் பழுதாகாது. ஹோண்டாவின் முறை வேறு: நகரத்தில் பெரும்பாலும் மோட்டாரே சக்கரத்தைச் சுழற்றும், நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு கிளட்ச் இணைந்து என்ஜினையே நேராகச் சக்கரத்தோடு பூட்டிவிடும். இரண்டுமே நம்பலாம்.

பழைய காரைப் பார்க்கும்போது முதல்நாள் இரவே சொல்லிவையுங்கள்: காலையில் நான் வந்து பார்க்கும்வரை யாரும் ஸ்டார்ட் செய்யக்கூடாது. சூடான என்ஜின் பல குறைகளை மறைக்கும். மீட்டரில் ஓட்டம் குறைவாகக் காட்டி, பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால், ஓட்டுநர் இருக்கையின் ஏறும் பக்க விளிம்பு நைந்திருந்தால், எதை நம்ப வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். மாறாக, சர்வீஸ் பதிவேடு ஒழுங்காக இருந்து, மூன்று ஆண்டில் 90,000 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடிய கார் என்றால், 25,000 மட்டுமே தெருத்தெருவாக ஓடிய காரைவிட அதை நான் விரும்புவேன்.

ஹைபிரிட்டுக்கென்று ஒரு சோதனை உண்டு. பல மாடல்களில் பின் இருக்கையின் பக்கவாட்டிலோ அடியிலோ சிறிய காற்றுச் சல்லடை இருக்கும். பேட்டரியைக் குளிர்விக்கும் விசிறி அதன் வழியாகத்தான் காற்றை இழுக்கிறது. போன மாதம் ஒரு காரில் அதைக் கழற்றினேன். நாய் முடியும் தூசியும் சேர்ந்து கம்பளித் துண்டுபோல் ஒரு படலம் முழுவதுமாக உரிந்து வந்தது. பேட்டரி மூச்சுத்திணறிக்கொண்டிருந்ததை அந்த உரிமையாளர் அறியவே இல்லை. அந்தச் சல்லடையை முதலில் பாருங்கள். பிறகு மின்னணுக் கருவியை இணைத்து, பேட்டரியின் தொகுதிகளுக்கு இடையே மின்னழுத்த வித்தியாசம் இருக்கிறதா என்று ஒரு நல்ல பட்டறையில் பார்க்கச் சொல்லுங்கள். வாங்கும் இடத்திலேயே அந்தச் சோதனையைச் செய்துகொள்ள வேண்டாம்.

முதுகுவலிக்காரர்

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். முன்வண்டிக்கு ஏற்ப வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் அடாப்டிவ் குரூஸ் கண்ட்ரோல் இருக்கிறது என்று சொன்னால், அது எந்த வேகம் வரை வேலை செய்யும் என்று கேளுங்கள். சிலவற்றில் மணிக்கு 30 கிலோமீட்டருக்குக் கீழே வந்ததும் கையைக் கழுவிவிடும். சிலவற்றில் முன்வண்டி நின்றால் தானும் முழுவதுமாக நின்று, அது நகர்ந்தால் தானும் நகரும். உங்கள் கடைசி 15 கிலோமீட்டருக்கு இரண்டாவது வகைதான் வலது கணுக்காலைக் காப்பாற்றும். பார்வையைச் சாலையிலிருந்து எடுக்க அது அனுமதி தரவில்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

தினப்பயணி

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். விற்பனையாளரிடம் மன்றாடி, டீசலையும் புதிய ஹைபிரிட்டையும் காருக்கு ஒரு காலைப்பொழுது வீதம் வாங்கி, என்னுடைய வழியிலேயே முழுத் தூரம் ஓட்டிப் பார்த்தேன். டீசல் நெடுஞ்சாலையில் மிக நன்றாக இருந்தது. 90-இல் என்ஜின் சத்தமே கேட்கவில்லை. நகரத்துக்குள் வந்ததும், நிற்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் வழியாக மெல்லிய அதிர்வு கைக்கு வந்துகொண்டே இருந்தது. ஹைபிரிட் நெடுஞ்சாலை மேட்டில் ஏறும்போது சற்று இரைந்தது, மற்றபடி 15 கிலோமீட்டர் நெரிசலில் என்ஜின் எப்போது விழித்தது, எப்போது உறங்கியது என்றே தெரியவில்லை. தொடைத் தாங்கலில் டீசல் ஒரு விரல் முந்தியது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

விலைக்கு வந்த பழைய ஹைபிரிட்டில் பின் இருக்கையருகே சல்லடையைக் கழற்றினோம்; சுத்தமாக இருந்தது. 96,000 கிலோமீட்டர், பத்து சர்வீஸ் பதிவுகள், மின்னழுத்தச் சோதனையிலும் குறையில்லை. ஓட்டுநர் இருக்கையின் முன்பகுதியைத் தனியே உயர்த்த முடிகிறது, மணிக்கட்டும் படிகிறது. ஒரே ஒரு தயக்கம்: முந்தைய உரிமையாளர் 18 அங்குலச் சக்கரம் போட்டிருக்கிறார். நிறுவனம் இதே மாடலை 16 அங்குலத்திலும் விற்றிருக்கிறது. மாற்றினால் ஏதேனும் சிக்கல் வருமா?

பட்டறைக்காரன்

உங்கள் வேரியண்டின் பிரேக் காலிப்பருக்கு (பிரேக் வட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) 16 அங்குல ரிம்முக்குள் இடம் இருக்கிறதா என்பதை மட்டும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சிலவற்றில் உயர்ந்த வேரியண்டுக்குப் பெரிய பிரேக் வட்டு வைத்திருப்பார்கள், அதன்மேல் சிறிய ரிம் ஏறாது. இடம் இருந்தால், நிறுவனம் 16 அங்குலத்துக்குக் குறித்த டயர் அளவையே போடுங்கள், வெளிவட்டம் மாறாது, மீட்டரும் சரியாகவே காட்டும். காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது, காலையில் கிளம்புவதற்கு முன் அளந்து, கதவோரத்து ஒட்டுத்தாளில் அந்த அளவு டயருக்குப் போட்டிருக்கும் அழுத்தத்தை வையுங்கள். கழற்றும் 18 அங்குல ரிம்களை விற்றால் புதிய டயருக்கான செலவில் ஒரு பகுதி கைக்கு வந்துவிடும். சக்கரத்தை மாற்றிய கையோடு அலைன்மெண்ட்டையும் பார்த்துவிடச் சொல்லுங்கள் ஐயா, ஆண்டுக்கு 35,000 ஓடப்போகிற டயர்.